காவக்காரன் தண்ணி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பறித்த பழத்தில் வரும் பூஞ்சை நோயை நல்ல பாக்டீரியாவைக் கொண்டு தடுப்பதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். அதில் என்னைவிட நீங்கள் அதிகம் படித்திருப்பீர்கள். எங்கள் காலத்தில் ஒரு கட்டுரை கைக்கு வருவதற்குள் அதைக் கேட்டு எழுதியதே மறந்து போயிருக்கும். உங்களுக்குக் கைபேசியிலேயே வந்து விழுகிறது. அதனால் பாக்டீரியாவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நான் ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன். அந்த ஒரு சொல்லால் ஒரு பெண் தன் தோப்பை இழந்தார். இத்தனை வருஷம் கழித்தும் அது எனக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்தான்.

எண்பதுகளின் நடுவில் நான் காரைக்காலில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். சின்னது என்றால் நிஜமாகவே சின்னது. ஒரு நுண்ணோக்கி, ஒரு குளிர்ப்பெட்டி, கரண்ட் போனால் பெட்டியைத் திறக்காதே என்று அதன்மேல் ஒட்டிய ஒரு காகிதம். எனக்கு மேலே தலைவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். தொழிலில் கெட்டி, மனசும் நல்ல மனசு. இப்போதே சொல்லி வைக்கிறேன், கடைசியில் நீங்கள் அவரைத் திட்டக் கூடாது.

ஒரு நாள் லூர்துமேரி என்ற அம்மாள் அம்பகரத்தூர் பஸ்ஸில் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து இறங்கினார். அங்கே ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். கூடையை என் மேசை மேலேயே வைத்துவிட்டு ஒரு பழத்தை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இதப் பாருங்க மேடம். காயா இருக்கயில கண்ணாடியாட்டம் இருந்துச்சு. பழுக்கப் போட்டேன், அம்ம போட்ட மொகமா ஆயிடுச்சு."

மேடம் என்பது முதல் நாளோடு சரி. அடுத்தடுத்து வந்ததில் நான் தங்கச்சி ஆகிவிட்டேன், அவர் எனக்கு அக்கா ஆகிவிட்டார்.

பழத்தில் இருந்தது கரும்புள்ளி நோய். அதை உண்டாக்கும் பூஞ்சை காயிலேயே புகுந்து சத்தம் போடாமல் படுத்துக்கிடக்கும். பழுக்கும்போதுதான் எழுந்து வேலையைக் காட்டும். இது உங்களுக்குத் தெரியும். தெரியாதது லூர்து அக்காவின் நிலைமை. தோப்புக்காரருக்குக் காரைக்காலில் வீடு. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் சாமி அந்தத் தெரு வழியாகத்தான் போகும். சாமி வரும்போது மாடியிலிருந்து கூடை கூடையாக மாம்பழத்தை இறைப்பது அந்தக் குடும்பத்தின் வேண்டுதல். கீழே நிற்கிற சனம் கையை நீட்டிப் பிடிக்கும். அந்தப் பழத்தைத் தோப்பிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது குத்தகையோடு சேர்ந்த பேச்சு. முந்தின வருஷம் அக்கா கொடுத்த பழம் அத்தனையும் கறுப்பு. பிடித்த பழத்தைச் சனங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்ததை மாடியில் நின்ற குடும்பமே பார்த்தது. இந்த வருஷமும் இப்படி என்றால் தோப்பை வேறு ஆளுக்கு விட்டுவிடுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கு இழுப்பு. நாலு எட்டு வச்சா ஒக்காந்துடுவாரு. தோப்புதான் தங்கச்சி எங்களுக்குச் சோறு," என்றார். அழவில்லை. விலை சொல்வது போலத்தான் சொன்னார்.

மருந்துக் கரைசலில் முக்கி எடுத்தால் கரும்புள்ளி கட்டுப்படும் என்று அப்போதே எங்களுக்குத் தெரியும். தலைவர் முதலில் அதைத்தான் சொன்னார். ஆனால் இது கடைப் பழம் இல்லை. கூட்டத்தில் கைக்குக் கிடைத்த பழத்தைப் பிள்ளைகள் தோலோடு அங்கேயே கடித்துவிடும். கழுவித் தின்ன அந்த நெரிசலில் யாருக்குப் பொறுமை இருக்கும்? அப்போதுதான் அக்காவின் தோப்பு இலையிலிருந்தே நாங்கள் பிரித்து வைத்திருந்த ஒரு பாக்டீரியா நினைவுக்கு வந்தது. சோதனைத் தட்டில் அது வளர்ந்தால் பூஞ்சை கிட்டேயே வராது, ஒதுங்கி நிற்கும். பழத்தில் பூசிப் பார்க்கலாம் என்றேன். தலைவர் சரி என்றார்.

இங்கேதான் அந்தச் சொல் வருகிறது. பாக்டீரியா என்றால் சனங்களுக்குப் புரியவில்லை. நுண்ணுயிர் என்றால் பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். கிருமி என்றால் எல்லோருக்கும் புரியும். தொல்லையே அதுதான். கிருமி என்றவுடன் காலரா ஊசியும் கிணற்றில் கொட்டும் பிளீச்சிங் பவுடரும்தான் ஞாபகம் வரும். நல்ல கிருமி என்று சொல்லிப் பாருங்கள், நல்ல திருடன் என்பது போலப் பார்ப்பார்கள். தலைவர் எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "எதை வேணும்னாலும் சொல்லுங்கம்மா. அந்த வார்த்தைய மட்டும் வெளியில சொல்லிடாதீங்க."

நான் அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. இது கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர், உங்கள் தோப்பு இலையில் இருப்பதுதான், பூஞ்சையைப் பழத்துக்குள் விடாமல் வெளியிலேயே மறித்துக்கொள்ளும் என்று விளக்கினேன்.

"அப்ப இதுவும் கிருமிதானே?" என்றார்.

"தயிர்ல இருக்கறது மாதிரிக்கா."

"தயிர யாராச்சும் கிருமின்னு சொல்லியா விக்கிறாங்க? வாசல்ல நின்னு மறிக்கிதுன்னா அவன் காவக்காரன். காவக்காரன் தண்ணின்னு சொல்லிட்டுப் போவோம்."

அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. தலைவருக்கு அதில் ஏகக் குஷி. ஆபீஸில்கூட, "காவக்காரன் எப்படி இருக்கான்மா?" என்றுதான் கேட்பார். பருவத்தின் முதல் காய்களைக் காவக்காரன் தண்ணியில் முக்கிப் பழுக்கப் போட்டோம். கறுப்பு விழவில்லை. அக்கா ஒவ்வொரு பழமாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு தோப்புக்காரர் வீட்டுக்கே போய், "இந்த வருசம் பாருங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னதோடு நிற்காமல் தெருவுக்கெல்லாம் சொன்னார். எனக்கு அது அவசரமாகப் பட்டது. இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொள்ளச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

திருவிழாப் பழத்துக்கு எங்கள் குடுவையெல்லாம் போதாது. பிரியாணி வேகவைக்கும் அண்டாவை வாடகைக்கு எடுத்து, வெந்நீர் விட்டு நானும் அக்காவும் முழங்கை வலிக்கத் தேய்த்தோம். அதில் காவக்காரன் தண்ணியைப் பெருக்கிக் காயை முக்கினோம். ஊருக்குள் அக்கா பிடித்திருந்த கிடங்கில் வைக்கோல் பரப்பி அடுக்கினோம். முக்கி எடுத்த தண்ணீரில் கொஞ்சம் கொண்டு வந்து தட்டில் வளர்க்கப் போட்டேன். அது என் பழக்கம். யாரும் கேட்டுச் செய்ததில்லை.

சாமி புறப்பாட்டுக்கு முந்தின நாள் காலையில் வந்து தட்டுகளைத் திறந்தேன். எங்கள் காவக்காரன் அப்பளம் மாதிரி சுருக்கம் விழுந்து வளர்வான். அவன் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் வேறொன்றும் வளர்ந்திருந்தது. வழவழப்பாக, மெழுகு பூசியது போல. நுண்ணோக்கியில் பார்த்தேன். இரண்டும் ஒரே சாடை, ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில்தான் பழைய சோற்றில் பெருகி வாந்தி பேதி கொண்டுவரும் பங்காளி ஒருவனும் உண்டு. இவன் அவனா, இல்லை ஒன்றும் தெரியாத அப்பாவியா? அதைக் கண்டுபிடிக்க நாள் வேண்டும். நாள் கையில் இல்லை.

பழத்தோலில் அது பெருகி ஊரை வீழ்த்திவிடும் என்று நான் நம்பவில்லை. அப்படி நடக்க வாய்ப்பு குறைவு, மிகவும் குறைவு. அந்தக் குறைவு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது என்பதுதான் விஷயம். தட்டைத் தூக்கிக்கொண்டு தலைவர் அறைக்குப் போனேன். அவர் நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க பிள்ளைக்கு இந்தப் பழத்தைக் கொடுப்பீங்களாம்மா?"

"என் பிள்ளைக்குக் கொடுப்பேன் சார். ஊரார் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன்."

"அப்ப நிறுத்திடுவோம்," என்றார்.

இன்றைக்கும் அந்த முடிவில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மறுபடி அந்த நாள் வந்தாலும் நிறுத்தத்தான் சொல்வேன். உங்களில் யாராவது இந்த இடத்தில், அவ்வளவு குறைந்த வாய்ப்புக்காகவா என்று முகத்தைச் சுளித்தால், தயவுசெய்து வேறு தொழில் பாருங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குப் பேச்சே இப்படித்தான்.

ஜீப்பில் போகும்போது என்ன சொல்வது என்று பேசி வைத்துக்கொண்டோம். சோதனை இன்னும் முடியவில்லை, இந்தத் திருவிழாவுக்கு இந்தப் பழம் வேண்டாம், அவ்வளவுதான். அக்காவைத் தனியாக உள்ளே கூப்பிட்டு நான் விவரமாகச் சொல்ல வேண்டும். காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்று நினைத்தோம்.

போய் இறங்கினால் கிடங்கு வாசலில் கல்யாண வீட்டுக் கூட்டம். தோப்புக்காரரின் கணக்குப்பிள்ளை மாட்டுவண்டியோடு வந்து நிற்கிறார். தெருப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பழத்தை வேடிக்கை பார்க்கிறார்கள். உள்ளே வைக்கோல் மேல் பழங்கள் ஒரு புள்ளி இல்லாமல் மஞ்சளாகக் கிடக்கின்றன. அவ்வளவு அழகான மாம்பழத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அக்கா எங்களைப் பார்த்ததும், "வாங்க வாங்க, நல்ல நேரத்துக்கு வந்தீங்க," என்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

தலைவர் பேசி வைத்தபடி ஆரம்பித்தார். கணக்குப்பிள்ளைக்குச் சிரிப்புதான் வந்தது.

"என்ன சார் நீங்க? போன வருசம் கருப்பு, அப்ப ஒருத்தரும் வரல. இந்த வருசம் பழம் தங்கமாட்டம் இருக்கு, வேண்டாங்கிறீங்க. சோதன முடியலன்னா மெதுவா முடிச்சுக்குங்க. நாங்க பழத்த ஏத்திக்கிறோம்." வண்டிக்காரரைப் பார்த்து, "தூக்குய்யா," என்றார்.

முதல் கூடை தரையை விட்டு எழும்பியது. ஒரு பெண் தன் பிள்ளை கையில் ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்தாள். நான் அக்காவைத் தேடி உள்ளே போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து தலைவரின் குரல் கேட்டது. அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"யாரும் தொடாதீங்க. அதுல கிருமி இருக்கு."

அவ்வளவுதான். கூடை அப்படியே கீழே இறங்கியது. வண்டிக்காரர் வேட்டியில் கையைத் துடைத்தார், துடைத்த வேட்டியையும் உதறினார். அந்தப் பெண் பிள்ளையின் கையில் ஒரு அடி வைத்துப் பழத்தைத் தட்டிவிட்டாள். அது உருண்டு வந்து என் காலடியில் நின்றது. வாசல் காலியாக எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதீர்கள். கண் மூடித் திறப்பதற்குள் என்பார்களே, அதேதான்.

சொன்ன சொல்லில் பொய் இல்லை. அதைவிடச் சுருக்கமாகவும் யாராலும் சொல்ல முடியாது. வேலை நடந்தது, ஒரு பழம்கூட வெளியே போகவில்லை. லூர்து அக்கா தலைவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"காவக்காரன்னுதானே தங்கச்சி சொன்னீங்க?"

"ஆமாக்கா," என்றேன். விளக்கிச் சொன்னாலும் கேட்க அங்கே யார் இருந்தார்கள்? கணக்குப்பிள்ளை மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே, "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல," என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் பேச்சில் கோபம்கூட இல்லை.

திரும்பும்போது தலைவர் ஜீப்பின் கம்பியைப் பிடித்தபடி சொன்னார். "ஏத்திட்டுப் போயிடுவாங்கன்னு பயந்துட்டேம்மா. அந்த நேரத்துல வாயில அதுதான் வந்துச்சு." எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. உடனே, அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என் வாயில் என்ன வந்திருக்கும் என்றும் தோன்றியது.

திருவிழாவுக்கு மாயவரம் பக்கத்திலிருந்து பழம் வந்தது. மாடியிலிருந்து இறைத்தார்கள், சனம் பிடித்தது. நான் போகவில்லை.

திருவிழா கழிந்த பிறகுதான் சோதனை முடிவு வந்தது. அந்த வழவழப்பானவன் ஒன்றுமில்லை. வைக்கோலிலும் மண்ணிலும் எங்கும் கிடக்கிற சாது. யாருக்கும் ஒரு தும்மல்கூட வர வைக்க மாட்டான். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நேரே கிடங்குக்குப் போனேன்.

கதவு திறந்தே கிடந்தது. திருட யார் வரப் போகிறார்கள்? அக்கா ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். பழங்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. தோல் லேசாகச் சுருங்கியிருந்தது, வாசனை ஆளைத் தூக்கியது. கறுப்பு மட்டும் விழவே இல்லை. காவக்காரன் தன் வேலையைக் கடைசிவரை ஒழுங்காகச் செய்திருந்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். கெட்டது எதுவும் இல்லை அக்கா, நல்ல பழம்தான் என்றேன். ஒரு பழத்தை எடுத்துத் தோலோடு கடித்தும் காட்டினேன். சாறு முழங்கை வரை வழிந்தது. அப்படி ஒரு தித்திப்பு.

அக்கா நான் முழுப் பழத்தையும் தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத அன்னிக்கு எல்லாரும் நின்னப்பக் கடிச்சிருக்கணும் தங்கச்சி," என்றார்.

அன்றைக்குக் கடித்திருந்தால், தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல ஊருக்குக் காட்டியிருப்பேன். வண்டி பழத்தோடு போயிருக்கும். அதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பழத்தை யாருக்கும் விற்க முடியவில்லை, சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. தலைவர் தோப்புக்காரர் வீட்டுக்குப் போய் முடிவைக் காட்டினார், அந்தத் தெருவில் வீடு வீடாகவும் போனார். உட்கார வைத்துக் காபி கொடுத்துக் கேட்டுக்கொண்டார்களாம். கிருமி செத்துப்போச்சா சார் என்றுதான் எல்லோரும் விசாரித்தார்களாம். கிருமியே இல்லை என்று சொல்லவும் அவரால் முடியவில்லை, காவக்காரன் உயிரோடு இருக்கிறானே. அடுத்த பருவத்தில் தோப்பு கைமாறியது. புதிதாக வந்தவர் முதல் வேலையாக மரத்துக்கெல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைத்து அடித்தார் என்று கேள்விப்பட்டேன். தலைவர் அதன் பிறகு ஆபீஸில் காவக்காரன் என்று சொல்லவே இல்லை. கோப்பில் இருக்கும் இங்கிலீஷ் பேரைத்தான் சொன்னார். எங்கள் பழ வேலையும் பாதியில் நின்றது. பணம் வரவில்லை என்று காரணம் எழுதினோம். அந்தத் தண்ணியைக் கேட்க ஆளிருந்தால் பணம் வந்திருக்கும்.

இப்போது அதே மாதிரியான சரக்கைப் பாக்கெட்டில் அடைத்து, நன்மை செய்யும் நுண்ணுயிர் என்று அச்சடித்து விற்கிறார்கள். விவசாயிகள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு பக்கம் நிறைவுதான், இன்னொரு பக்கம் வயிறு எரிகிறது.

நீங்களும் ஒரு நாள் எதையாவது நிறுத்த வேண்டி வரும். தயங்காமல் நிறுத்துங்கள். ஆனால் நிறுத்தப் போவதற்கு முன்னால், யாருக்கு அதனால் வீடு விழுமோ அவரிடம் முதலில் போங்கள், வண்டி வருவதற்கு முன்னால் போங்கள். நாங்கள் அரை மணி முந்திப் போயிருந்தால் அந்த வாசலில் கூட்டம் இருந்திருக்காது. வாயில் வரப்போகும் சொல்லையும் வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். பழம் அழுகினால் அடுத்த வருஷம் காய்க்கும்.

சில வருஷம் கழித்துக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். தரையில் சாக்கு விரித்து மாம்பழம் விற்றுக்கொண்டிருந்தார். மண்டியில் எடுத்து வந்த பழம். அதில் அங்கங்கே கரும்புள்ளி. சனம் குனிந்து பொறுக்கி வாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. அதற்குள் அவரே பார்த்துவிட்டார்.

"வாங்க தங்கச்சி. என்ன, எளச்சுப் போயிட்டீங்க?"

வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இருக்காரு என்றார். என் கண் பழத்தின் மேல் போனதைக் கவனித்துவிட்டார் போல. ஒரு பழத்தை எடுத்து, கரும்புள்ளி தெரிகிற பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இதான் தங்கச்சி இப்ப ஓடுது. கருப்பு இருந்தா ஒண்ணும் பூசலன்னு நம்பி வாங்குறாங்க."

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. இரண்டு நல்ல பழமாகத் தேடி எடுத்து, காசு வாங்காமல் என் பைக்குள் போட்டார். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டு நான் நகர்ந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, நம்ம காவக்காரன் இருக்கானா?"

"இருக்கான்கா. குளிர்ப்பெட்டியில தூங்குறான்."

"எழுப்புற அன்னிக்கு எனக்குச் சொல்லி விடுங்க," என்றார். "மொதப் பழத்த எல்லாரும் பாக்க நான் கடிக்கிறேன்."

சொல்லி விடுகிறேன் என்று தலையாட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். அவனை நாங்கள் எழுப்பவே இல்லை.